கொடைக்கானல் வீட்டுக்குத் தொட்டிதான் தோது

கொடைக்கானலில் புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கும் பழைய காட்டேஜைப் புதுப்பிக்கிறவர்களுக்கும், குளியலறை வேலை தொடங்கும்போது ஒரு யோசனை தவறாமல் வந்து சேரும். தொட்டி வைத்த கீசர் அந்தக் காலத்துப் பொருள், இடத்தை அடைக்கும், கரண்டைக் குடிக்கும். தொட்டியே இல்லாத இன்ஸ்டன்ட் ஹீட்டரை மாட்டிவிட்டால் குழாயைத் திறந்ததும் சுடுதண்ணீர், எத்தனை பேர் குளித்தாலும் தீராது, பில்லும் குறையும். கடைக்காரர் சொல்கிறார், கான்ட்ராக்டர் சொல்கிறார், சென்னையில் இருக்கும் மைத்துனரும் போனில் அதையே சொல்கிறார். மூவரும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் மூஞ்சிக்கல்லிலும் நாயுடுபுரத்திலும் அட்டுவம்பட்டியிலும் இருக்கிற வீடுகளுக்கு அந்த யோசனை பொருந்தாது. சில வீடுகளில் அது உயிருக்கே ஆபத்து.

இதைக் காட்டப் பெரிய விஞ்ஞானம் எதுவும் வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற 4.186 கிலோஜூல் வெப்பம் வேண்டும். எந்தக் கம்பெனியின் பெட்டியானாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. சந்தையில் பரவலாகக் கிடைக்கும் இன்ஸ்டன்ட் ஹீட்டர் 3 கிலோவாட். சென்னையில் மார்கழி மாதத்திலும் குழாய்த் தண்ணீர் 26 டிகிரி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், குளிக்கத் தோதான 40 டிகிரிக்கு அது 14 டிகிரி ஏறினால் போதும். 3 கிலோவாட் ஹீட்டர் நிமிடத்துக்கு 3 லிட்டர் கொடுக்கும். 18 லிட்டர் வாளி ஆறு நிமிடத்தில் நிறையும். சென்னை மைத்துனர் திருப்தியாகத்தான் இருப்பார்.

அதே ஹீட்டரை 2,100 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டு வந்தால் கதை வேறு. தை மாத விடியலில் ஜிம்கானா மைதானத்திலும் பாம்பார்புரத்திலும் கீழ்பூமியிலும் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். இரவு முழுவதும் கூரைமேல் நின்ற சின்டெக்ஸ் டேங்கிலிருந்து வரும் தண்ணீரைத் தாராளமாகக் கணக்கிட்டு 12 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். 40 டிகிரிக்குப் போக 28 டிகிரி ஏற வேண்டும். அதே 3 கிலோவாட் இப்போது நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்தான் தரும். வாளி நிறையப் பன்னிரண்டு நிமிடம் ஆகும்.

அந்தப் பன்னிரண்டு நிமிடம் எப்படிப் போகிறது என்று கொஞ்சம் கவனிக்க வேண்டும். குழாயிலிருந்து சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு தாரை விழுகிறது. வேகமாக வரட்டும் என்று குழாயை இன்னும் ஒரு சுற்றுத் திறந்தால் தாரை பருத்துத் தண்ணீர் பச்சையாகிவிடும். மறுபடி மூட வேண்டும். வாளியின் அடியில் விழுந்த முதல் தண்ணீர், சிமென்ட் தரையின் குளிரிலும் திறந்த வாயின் வழியாகவும் ஆறிக்கொண்டே இருக்கிறது. வாளி நிறைகிற நேரத்தில் கை வைத்தால் வெதுவெதுப்புதான் இருக்கிறது. குளிக்க வந்த பெரியவர் துண்டைப் போர்த்திக்கொண்டு இவ்வளவு நேரமும் அந்த ஈரத் தரையில் நிற்கிறார். அவருக்குப் பின்னால் பள்ளிக்கூடம் போக வேண்டிய இரண்டு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

ஷவருக்கு இந்தக் கணக்கு இன்னும் மோசம். சிக்கனமான ஷவருக்கே நிமிடத்துக்கு 6 லிட்டர் வேண்டும். 28 டிகிரி ஏற்றத்துக்கு அது 11.7 கிலோவாட், 230 வோல்ட்டில் 51 ஆம்பியர். வீட்டுச் சுவரில் இருக்கும் பெரிய பிளக்கின் தாங்குதிறனே 16 ஆம்பியர்தான். குளிர் நாட்டுக்காரர்கள் இதை நன்றாக அறிவார்கள். பிரிட்டனில் மின்சார ஷவர்கள் 8 முதல் 10 கிலோவாட்டுக்கு மேலும் போகும், அதற்கென்று தடித்த கேபிளில் தனி லைன் இழுக்கிறார்கள். ஜெர்மனியில் வீட்டு இன்ஸ்டன்ட் ஹீட்டர் என்றால் 18, 21, 24 கிலோவாட், மூன்று பேஸ் இணைப்பு. தொட்டியில்லாத ஹீட்டர் குளிர்ப் பிரதேசத்தில் வேலை செய்ய வேண்டுமானால் அவ்வளவு மின்சாரம் வேண்டும். சிங்கப்பூர் மாதிரி வெப்ப ஊரில் சின்ன ஹீட்டரே போதும். கொடைக்கானலில் விற்கப்படுவது சிங்கப்பூருக்குத் தோதான பெட்டி, மாட்டப்படுவதோ பிரிட்டன் மாதிரிக் குளிரில்.

4.5 கிலோவாட் வாங்கினால் தீராதா என்று கேட்பவர்கள் உண்டு. நிமிடத்துக்கு 2.3 லிட்டர் கிடைக்கும், அவ்வளவுதான். அதற்கே 20 ஆம்பியர் ஓடும். தனி லைனும் தனி எம்.சி.பி.யும் போட வேண்டும். முப்பது வருஷத்துக்கு முன் ஒயரிங் செய்த மலை வீடுகளில் இந்தச் செலவு ஹீட்டரின் விலையைத் தாண்டிவிடும்.

மின்னழுத்தம் என்று ஒன்று இருப்பதை இந்த யோசனை சொல்பவர்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஹீட்டரின் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டுக்குச் செய்த 3 கிலோவாட் ஹீட்டருக்கு 190 வோல்ட் வந்தால் அது 2 கிலோவாட் ஹீட்டராகிவிடும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர்! டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளிக் கிடக்கும் கடைசி வீடுகளில், ஊரே குளிக்கும் காலை ஆறரை மணிக்கு 190 வோல்ட் வருவதில் ஆச்சரியம் இல்லை. இதே குறைந்த மின்னழுத்தம் தொட்டி கீசரை என்ன செய்யும்? நாற்பது நிமிடத்தில் சுட வேண்டிய தண்ணீர் ஒரு மணி நேரத்தில் சுடும். இருபது நிமிடம் முன்னதாகச் சுவிட்சைப் போட்டால் தீர்ந்தது. தொட்டி தாமதிக்கும், ஆனாலும் சூடாகவே கொடுக்கும். இன்ஸ்டன்ட் ஹீட்டரிலோ சூடே குறைந்துபோகும்.

தொட்டிக் கணக்கையும் பார்க்கலாம். 25 லிட்டர் கீசரில் 60 டிகிரிக்குச் சுட்ட தண்ணீரை 12 டிகிரி பச்சைத் தண்ணீரோடு விளாவினால், 40 டிகிரியில் 43 லிட்டர் கிடைக்கும். இரண்டு வாளி நிறைந்து, மூன்றாவதிலும் கொஞ்சம் மிஞ்சும். அதைச் சுட வைக்க 2 கிலோவாட் ஹீட்டர் போதும், 42 நிமிடம் ஆகும். எந்த ஒயரையும் மாற்ற வேண்டாம். குழாயை முழுவதும் திறந்தால் வாளி ஒரு சில நிமிடத்தில் நிறைந்துவிடும். நம் ஊர்க் குளியல் விளாவிக் குளிக்கிற குளியல். கொதிக்கக் கொதிக்க ஒரு பங்கு, பச்சைத் தண்ணீர் ஒரு பங்கு, கை வைத்துப் பார்த்துப் பதம் சொல்வது. அதற்குச் சேமித்த சூடுதான் பொருந்தும்.

பில் குறையும் என்கிற வாதத்துக்குத்தான் அதிக செல்வாக்கு. அது எங்கிருந்து புறப்பட்டது என்று பார்த்தால் பாதி விஷயம் விளங்கும். அமெரிக்க எரிசக்தித் துறை தன் மக்களுக்குச் சொன்ன கணக்கு இது: நாளுக்கு 41 காலன், அதாவது ஏறத்தாழ 155 லிட்டர் வெந்நீர் வரை செலவிடும் வீடுகளில், தொட்டியில்லாத ஹீட்டர் 24 முதல் 34 விழுக்காடு வரை எரிசக்தியை மிச்சப்படுத்தும், அதைப்போல இரண்டு மடங்கு செலவிடும் வீடுகளில் மிச்சம் 8 முதல் 14 விழுக்காடுதான். அமெரிக்க வீட்டின் தொட்டி நிலவறையிலோ கராஜிலோ நிற்கும். கொள்ளளவு 150 முதல் 190 லிட்டர். வருஷத்தில் 365 நாளும், நாளில் 24 மணி நேரமும், வீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது சூடாகவே வைக்கப்பட்டிருக்கும். யாரும் சுவிட்சை அணைப்பதில்லை. அப்படி ஓயாமல் சூடு காக்கும் தொட்டியை ஒழித்தால் மிச்சம் கிடைக்கத்தான் செய்யும்.

கொடைக்கானல் வீட்டில் யார் அப்படிச் செய்கிறார்கள்? அம்மா எழுந்ததும் கீசர் சுவிட்சைப் போடுகிறார், காப்பி போடுகிறார், முதல் ஆள் குளிக்கப் போகிறார். எல்லோரும் குளித்து முடித்ததும் சுவிட்சை அணைக்கிறார்கள். மறந்துபோனால் வீட்டில் சத்தம் போடுகிறார்கள். இந்தப் பழக்கத்தில் தொட்டியின் சுவர் வழியே வீணாகும் சூடு மிகச் சொற்பம். நல்ல ஐந்து நட்சத்திர 25 லிட்டர் கீசரை நாள் முழுக்கப் போட்டே வைத்திருந்தால்கூட அந்த இழப்பு ஒரு யூனிட்டுக்குள் அடங்கும். ஒரு மணி நேரத்துக்கு அதில் இருபத்து நான்கில் ஒரு பங்கு. தண்ணீருக்குள் போக வேண்டிய வெப்பமோ இரண்டு வகைக் கருவிக்கும் ஒன்றேதான். ஒரு வாளிக்கு 0.59 யூனிட். நான்கு பேர் தினமும் ஆளுக்கு ஒரு வாளி குளித்தால் இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 140 யூனிட். தொட்டியை ஒழித்தாலும் இந்த 140 குறையாது. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் ஈ.பி. கட்டண விகிதமே மாறிவிடும் என்று கவலைப்படும் குடும்பத்துக்கு இந்த மாற்றத்தால் உருப்படியான லாபம் ஒன்றும் இல்லை. அமெரிக்க நிலவறைத் தொட்டிக்குப் போட்ட கணக்கைக் கொண்டுவந்து, தினமும் சுவிட்சை அணைக்கிற வீட்டின் தலையில் கட்டுகிறார்கள்.

மின்சாரம் சரிப்படாது என்று கண்டவர்கள் அடுத்துக் கைகாட்டுவது கேஸ் கீசரை. இதற்குத் திறன் போதாது என்று யாரும் சொல்ல முடியாது. நிமிடத்துக்கு 6 லிட்டர் என்று பெட்டியில் அச்சிட்ட சிறிய கேஸ் கீசரே 10 கிலோவாட்டுக்கு மேல் எரியும். 14.2 கிலோ சிலிண்டரில் ஏறத்தாழ 180 யூனிட் வெப்பம் இருக்கிறது. ஐந்தில் நான்கு பங்கு தண்ணீரில் சேர்ந்தால் ஒரு சிலிண்டருக்கு 240 வாளிக்கு மேல் கிடைக்கும். இதெல்லாம் உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. மலைமேல் அது எப்படி எரிகிறது என்பதில்தான் சிக்கல்.

கொடைக்கானலில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. ஒவ்வொரு கன அடிக் காற்றிலும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைவு. கோயம்புத்தூரிலும் கொடைக்கானலிலும் விற்பது அதே பெட்டி, அதே நாசில். நாசில் விடுகிற எரிவாயு பெரிதாகக் குறைவதில்லை, அதை எரிக்க வேண்டிய காற்றுதான் குறைகிறது. முழுதாக எரியாத எரிவாயு கார்பன் மோனாக்சைடாக வெளியேறுகிறது. அமெரிக்காவின் எரிவாயு விதித்தொகுப்பு இதற்கென்றே ஒரு விதி வைத்திருக்கிறது: 2,000 அடிக்கு மேற்பட்ட இடங்களில், ஒவ்வொரு 1,000 அடிக்கும் 4 விழுக்காடு வீதம் கருவியின் எரிதிறனைக் குறைத்து அமைக்க வேண்டும். கொடைக்கானல் 7,000 அடி. அந்த விதிப்படி கால் பங்குக்கு மேல் குறைக்க வேண்டும். அப்படிக் குறைத்தால் 6 லிட்டர் கீசர் நாலரை லிட்டருக்கும் குறைவான கீசராகும். குறைக்காமல் விட்டால் விஷவாயு கூடும். இரண்டில் எது நடந்தாலும் கடையில் கொடுத்த வாக்கு பொய்யாகிறது.

விஷவாயு என்பது மிகைச் சொல் இல்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, கண் எரிச்சலும் தராது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். குளித்துக்கொண்டிருப்பவருக்குத் தலை கனக்கும், கால் தளரும், கதவைத் திறக்கத் தோன்றுவதற்குள் விழுந்துவிடுவார். இந்திய மருத்துவ இதழ்களில் ‘கேஸ் கீசர் சிண்ட்ரோம்’ என்று இதற்குத் தனிப் பெயரே வந்துவிட்டது. குளிர்காலத்தில், மூடிய குளியலறையில், கேஸ் கீசர் ஓடும்போது மயங்கி விழுந்தவர்களைப் பரிசோதித்து மருத்துவர்கள் வைத்த பெயர் அது.

மலை வீட்டுக் குளியலறை எப்படி இருக்கும் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். ஐந்துக்கு ஆறடி அறை. தகரக் கூரைக்குக் கீழே பலகைத் தளம். கூரையை ஒட்டி ஒரு சிறு வென்டிலேட்டர், சாய்ந்த கண்ணாடிப் பட்டைகள். மார்கழிக் காற்று உள்ளே வராமல் இருக்க அந்தப் பட்டைகளுக்கு இடையே மடித்த செய்தித்தாளும் பழைய சாக்கும் திணிக்கப்பட்டிருக்கும். கதவின் அடியில் ஒரு கிழிந்த துணி. இதையெல்லாம் செய்தது அந்த வீட்டுப் பெண்மணியின் அக்கறை. பிள்ளைக்குச் சளி பிடிக்கக் கூடாது என்று செய்தது. அந்த அறைக்குள் ஒரு கேஸ் கீசரை மாட்டிவிட்டு ‘காற்றோட்டம் இருக்கட்டும்’ என்று கையேட்டில் ஒரு வரி அச்சிடுவது எந்தப் பாதுகாப்பும் ஆகாது. சுவாலை நீலமாக இருக்கும்வரை ஓரளவு தப்பிக்கலாம். அது மஞ்சளாகி நுனி ஆடத் தொடங்கினால் உள்ளே இருப்பவர் உடனே வெளியேற வேண்டும். குளிக்கும்போது சுவாலையைப் பார்ப்பவர் யார்?

இந்த ஊருக்கு இது புதிய எச்சரிக்கையும் இல்லை. 2024 ஆகஸ்டில் திருச்சியிலிருந்து சுற்றுலா வந்த நண்பர்கள் தங்கிய அறையில், இறைச்சி வாட்டிய கரி அடுப்பை உள்ளேயே வைத்துத் தூங்கியதில் இரண்டு இளைஞர்கள் இறந்துபோனார்கள். அங்கே எரிந்தது கரி, கேஸ் இல்லை. ஆனால் குளிருக்குக் கதவைச் சாத்துவதும், உள்ளே ஏதோ ஒன்று காற்றில்லாமல் எரிவதும், கண்ணுக்குத் தெரியாத வாயு அறையை நிரப்புவதும் இரண்டுக்கும் பொது.

கேஸ் கீசருக்கு வேறு இடைஞ்சல்களும் உண்டு. அது பற்றுவதற்கே குறைந்தபட்ச நீரழுத்தம் வேண்டும். பொதுவாக இரண்டு மீட்டர் உயரத்திலாவது டேங்க் நிற்க வேண்டும். சரிவில் கட்டிய தாழ்ந்த கூரை வீடுகளில் டேங்குக்கும் குழாய்க்கும் நடுவே நாலைந்து அடிகூட இருக்காது. பம்ப் வைக்க வேண்டியிருக்கும், அது இன்னொரு செலவு. சிலிண்டரும் குளிரில் சோர்ந்துபோகும். வீட்டு எரிவாயுவில் பியூட்டேன் பெரும்பங்கு, அது ஆவியாவது பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டித்தான். சமையலடுப்பின் ஒரு பர்னரைப் போல ஐந்தாறு மடங்கு வேகத்தில் கேஸ் கீசர் எரிவாயுவை உறிஞ்சும்போது, சிலிண்டர் தானும் குளிர்ந்து உள்ளழுத்தம் இறங்கும். பாதி தீர்ந்த சிலிண்டரில் தை மாதக் காலையில் சுவாலை சிறுப்பது இதனால்தான். பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் கவுஞ்சிக்கும் அந்தச் சிலிண்டர் மலைப்பாதை வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்து ரோடு அடைபட்டால் வராது. 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையைக் கடந்தபோது மரங்கள் விழுந்து ரோடும் மின்சாரமும் ஒன்றாகவே போயின. அப்படிப்பட்ட நாளில் கேஸ் கீசர் மின்சாரம் இல்லாமலும் ஓடும் என்பது உண்மை. ஆனால் இருக்கிற சிலிண்டர் சமையலுக்கு வேண்டும் என்று வீடு அதைப் பொத்திப் பொத்தி வைக்கும்.

இந்த மலைக்காரர்கள் வெந்நீர்ப் பிரச்சினையை இதற்கு முன் எப்படிச் சமாளித்தார்கள்? பழைய வீடுகளின் பின்கட்டில் செம்பு பாய்லர் நின்றது. உருளையான செம்புத் தொட்டி, நடுவே மேலெழும் புகைக்குழல், அடியில் தணல், பக்கத்தில் பித்தளைக் குழாய், மேலே ஒரு புனல். புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால், குழாய் வழியே ஒரு சொம்பு வெந்நீர் வரும். ராத்திரி தணலை மூடிவிட்டுப் படுத்தால் விடியலிலும் சூடு இருக்கும். அது தொட்டிதான். குளிர் ஊரில் சூட்டை மெதுவாகச் சேர்த்து வேகமாகச் செலவிட வேண்டும் என்று அதைச் செய்த கன்னாருக்குத் தெரிந்திருந்தது. இன்றும் கேஸுக்கும் கரண்டுக்கும் வழியில்லாத வீடுகளில் பெண்கள் வாட்டில், யூகலிப்டஸ் தோப்புகளில் சுள்ளி பொறுக்கித் தலைச்சுமையாகக் கொண்டுவந்துதான் குளிக்கத் தண்ணீர் காய்ச்சுகிறார்கள். பல மைல் நடை, முழங்கால் வலி, புகையில் இருமல். வெந்நீர் என்பது இந்த மலையில் சொகுசுப் பேச்சே இல்லை. அதனால்தான் தவறான யோசனையைச் சும்மா விட முடியவில்லை. சேர்த்துவைத்த காசைப் போட்டு ஒரு குடும்பம் விறகிலிருந்து ஒரு படி மேலே வரும்போது, அவர்கள் வாங்குகிற பெட்டி அந்தக் குளிருக்கு ஈடுகொடுக்க வேண்டும்.

மலைக்கு இருக்கும் இன்னொரு செல்வம் வெயில். சூரியனை ஆராய 1899இல் அமைக்கப்பட்ட வானாய்வகத்துக்காகச் சார்லஸ் மிச்சி ஸ்மித் தேர்ந்தெடுத்த இடம் இது. தூசியில்லாத, தெளிந்த வானத்துக்காகவே தேர்ந்தெடுத்தார். சூரியப் புள்ளிகளில் வாயு பாயும் விதத்தை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்ததும் இங்கேதான். அந்த வெயில் இன்னும் வீட்டுக் கூரைகளில் விழுந்து வீணாகிக்கொண்டிருக்கிறது. உறைபனி விழும் இரவு என்பது மேகமில்லாத இரவு. அதற்கு அடுத்த பகலும் பெரும்பாலும் மேகமில்லாமலே இருக்கும். அதிகக் குளிர் அடிக்கும் தை, மாசியில்தான் பகல் வெயிலும் அதிகம். வெற்றிடக் குழாய் வகை சோலார் ஹீட்டர், அதாவது இரட்டைக் கண்ணாடிக் குழாய்களுக்கு நடுவே காற்றை உறிஞ்சி எடுத்த வகை, வெளிக் காற்று குளிர்ந்திருந்தாலும் பிடித்த சூட்டை விடாது. செம்புக் குழாய் ஓடும் தட்டை வகை இங்கே வேண்டாம். தெளிந்த இரவில் அது வானத்துக்குச் சூட்டை இழந்து, உள்ளே நிற்கும் தண்ணீர் உறைந்து குழாய் வெடித்துவிடக்கூடும்.

சோலாருக்கும் தொட்டி வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பகலில் விழும் சூட்டை மறுநாள் காலைக்குக் காக்க வேறு வழி கிடையாது. பஞ்சு போர்த்திய 100 லிட்டர் தொட்டியில் மாலை 60 டிகிரி இருந்தால் விடியலிலும் குளிக்கத் தாராளமாகப் போதும். மூடுபனி மூடிக்கிடக்கும் கார்த்திகையில் சோலார் 25, 30 டிகிரி வரைதான் கொண்டுவரும். அந்தத் தண்ணீரைக் குளியலறை கீசருக்குள் விட்டால் மீதியைக் கரண்ட் பார்த்துக்கொள்ளும், செலவும் குறையும். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டரைச் சோலாரோடு கோத்தால், ஒருநாள் 12 டிகிரித் தண்ணீரும் மறுநாள் 50 டிகிரித் தண்ணீரும் உள்ளே வரும். அதைச் சமாளிக்கும் நுட்பமான கட்டுப்பாடு மலிவான பெட்டிகளில் இருப்பதில்லை. தெர்மோஸ்டாட் வைத்த தொட்டிக்கு இரண்டும் ஒன்றுதான்.

தொட்டியில் உப்புப் படியும், துருப்பிடிக்கும் என்ற எதிர்வாதம் ஒட்டன்சத்திரத்து போர்வெல் தண்ணீருக்குப் பொருந்தும். மலைச் சுனையிலிருந்தும் மனோரத்தினம் சோலை அணையிலிருந்தும் வரும் தண்ணீரில் உப்பு குறைவு. உப்புத் தண்ணீர் ஊரிலும் முதலில் அடைபடுவது இன்ஸ்டன்ட் ஹீட்டரின் மெல்லிய குழல்தான். தேங்கிய தண்ணீரில் கிருமி வளரும் என்றால், தெர்மோஸ்டாட்டை 60 டிகிரியில் வைத்தால் போதும். இடம் போதாது என்ற வாதத்துக்கு, 25 லிட்டர் கீசரைக் குளியலறைக் கதவுக்கு மேலே படுக்கைவசத்தில் மாட்டலாம். அந்த இடம் வேறு எதற்கும் பயன்படுவதில்லை. வெந்நீர் தீர்ந்துபோகும் என்பது மட்டும் நியாயமான குறை. நான்கு பேர் இருக்கும் வீடு 50 லிட்டர் வாங்க வேண்டும், அல்லது இரண்டு பேர் குளித்தபின் அரை மணி நேரம் இடைவெளி விட வேண்டும்.

தண்ணீர்ச் செலவும் சின்ன விஷயம் இல்லை. கேஸ் கீசர் பற்றிச் சூடு வருவதற்குள் குழாயில் ஓடும் பச்சைத் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. சோப்புப் போடக் குழாயை மூடித் திறந்தால் மறுபடியும் அதே கதை. கோடையில் தண்ணீர் லாரியை எதிர்பார்த்து நிற்கும் ஊரில் இது பெரிய வீண்.

தொட்டியில்லாத ஹீட்டருக்கு மலையில் இடமே இல்லை என்று சொல்வதற்கில்லை. அடுப்படித் தொட்டியில் பாத்திரம் கழுவ, கை விறைக்காத அளவுக்கு மெல்லிய வெதுவெதுப்பான தாரை போதும்; அங்கே 3 கிலோவாட் பெட்டி நன்றாகவே உதவும். வருஷத்துக்கு நாலு முறை சாவி திறக்கிற விருந்தினர் வீட்டுக்கும் அது பழுதில்லை. மலையடிவாரத்தில் பழனிக்காரர்கள் அதை நிம்மதியாக வாங்கலாம், அவர்கள் தண்ணீர் சென்னைத் தண்ணீர் மாதிரிதான். பெரிய லாட்ஜ்கள் வெளிச்சுவரில் புகைபோக்கியோடு கேஸ் ஹீட்டர் வைத்து, உயரத்துக்கேற்ப நாசில் மாற்றி, ஆண்டுதோறும் சுவாலையைச் சோதிக்க ஆள் வைக்க முடியும். நான்கு பேர் வீட்டால் அதைச் செய்ய முடியாது.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பது இல்லை, எத்தனை டிகிரி ஏற்றத்துக்கு அத்தனை லிட்டர் என்பது. பெட்டியில் எழுதியிருப்பது பெரும்பாலும் 25 டிகிரி ஏற்றத்துக்கான அளவு. இந்த ஊரில் அது காணாது. ஏற்றத்தைச் சொல்லாத பெட்டியைக் கையால் தொடக்கூடாது. கொடைக்கானலில் விற்கிற கடைக்காரர்கள் 12 டிகிரித் தண்ணீருக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியில் ஒட்டினால் பாதி ஏமாற்றம் குறையும். அவர்களே இதே குளிரில் குளிக்கிறவர்கள்தானே.

ஏற்கெனவே குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டியிருக்கும் வீடுகள் இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடக் கூடாது. கீசரையும் சிலிண்டரையும் வெளிச்சுவருக்கு மாற்றி, மழைபடாமல் ஒரு தகர மறைப்புப் போட்டு, குழாயை மட்டும் உள்ளே கொண்டுவர ஒரு பிளம்பருக்கு ஒருநாள் வேலை. அது முடியும்வரை, வாளியைக் கதவு திறந்த நிலையில் நிரப்பிவிட்டு, கீசரை அணைத்து, அறைக்குள் காற்று மாறியபிறகு உள்ளே போக வேண்டும். வென்டிலேட்டரில் திணித்த காகிதத்தை இன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.